நன்றியும் அஞ்சலியும் ஒரே மேடையில் வேண்டாம்

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். மார்கழி வெள்ளம் வடிந்த பிறகு பக்கத்து முகாமிலிருந்து இராணுவத்தினர் வந்து பாடசாலைக் கிணற்றையும் ஊரில் பல வீட்டுக் கிணறுகளையும் இறைத்துத் துப்புரவாக்கித் தந்தார்கள். அவர்களுக்கு நன்றி விழா வைக்கப் பாடசாலை அபிவிருத்திக் குழு தீர்மானித்துவிட்டது. அதை ஈஸ்டர் குண்டுத் தாக்குதல் நினைவோடு சேர்த்து ஏப்ரல் 21 காலைக்கூட்டத்தில் செய்யலாம் என்கிறார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று மாலை போட வேண்டுமாம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் இரண்டு தாய்மார் “எங்கட வீட்டுப் பிள்ளையள் வராதுகள்” என்று சொல்லிவிட்டார்கள். பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் “நன்றி கெட்டவர்கள்” என்றும் “காட்டிக் கொடுப்பவர்கள்” என்றும் சண்டை. இதற்கிடையில், ஒத்திகை நடந்த அன்று இராணுவ லொறி ஒன்று படலையில் வந்து நின்ற சத்தத்துக்குத் தரம் 7 பெண்பிள்ளை ஒருத்தி மேசைக்குக் கீழே போய்க் காதைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டாள். யுத்தம் முடிந்த பிறகு பிறந்த பிள்ளை. நான் யார் பக்கம் நிற்பது?
– ஓர் ஆசிரியை

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்தத் தரம் 7 பிள்ளைக்கு இல்லை. அடுத்த லொறி நாளைக்கே வரலாம். அதனால் அவளிடமிருந்து தொடங்குவோம்.

மேசைக்குக் கீழே போன பிள்ளையை இழுத்து வெளியே எடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் அந்த இடம்தான் அவளுக்குப் பாதுகாப்பு. மற்றப் பிள்ளைகளை இன்னோர் ஆசிரியரோடு வெளியே அனுப்பிவிட்டு, ஒரு கை தூரத்தில், பக்கவாட்டாக நிலத்தில் இருங்கள். நேருக்கு நேர் குனிந்து பார்த்தால் பயம் கூடும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, என்ன சத்தம், எங்கே நிற்கிறது, யார் பக்கத்தில் இருக்கிறார் என்ற மூன்றையும் மெதுவாகச் சொல்லுங்கள்: “அது லொறிச் சத்தம். படலைக்கு வெளியில நிக்குது. நான் ரீச்சர், இஞ்ச உன்னோட இருக்கிறன்.” உள்ளங்கால் இரண்டையும் நிலத்தில் அழுத்தச் சொல்லுங்கள். மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, வாயால் 6 எண்ணும்வரை விட வேண்டும். நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். வெளிவிடும் மூச்சு நீளமாக இருந்தால்தான் நெஞ்சுப் படபடப்பு இறங்கும். பெரிதாக இழுத்து விடு என்று மட்டும் சொன்னால் வேகமாக இழுத்துத் தலைசுற்றும், பயம் இன்னும் கூடும். பிறகு கண்ணில் படும் ஐந்து பொருட்களைச் சொல்லச் சொல்லுங்கள். குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொடுப்பதும் உதவும். பெரும்பாலான பிள்ளைகள் கால் மணி நேரத்துக்குள் அடங்கி வந்துவிடுவார்கள்.

“ஏன் பயந்தனி?” என்று அப்போது கேட்க வேண்டாம். அவளுக்கே காரணம் தெரியாது. “சண்டையே பாக்காத உனக்கென்ன பயம்?” என்பதை ஒருவரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வன்னியில் ஆசிரியர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. செல்லடியைக் காணாத பிள்ளை, கண்ட தாயின் மடியில் வளர்ந்திருக்கிறாள். கனரக வாகனம் வீதியில் திரும்பினால் அம்மா கையிலிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு நிற்கிறார். அப்பா விளக்கை அணைக்கிறார். அம்மம்மா கதையை நிறுத்துகிறார். யாரும் விளக்கம் சொல்லாமலே பிள்ளையின் உடம்பு அதைப் படித்துக்கொள்கிறது. மனவடு என்பது தனி ஆளின் நோய் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்து சுமப்பது என்பதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியை வைத்தே விரிவாக எழுதியிருக்கிறார்.

நடந்ததை அன்றைக்கே தாயிடம் நேரில் சொல்லுங்கள். பிள்ளை கேட்கத் தொலைபேசியில் சொல்வது வேண்டாம். நித்திரை, கெட்ட கனவு, படுக்கையில் சிறுநீர், காலையில் வயிற்றுநோ என்று பாடசாலைக்கு மறுப்பது ஆகியவற்றை மட்டும் விசாரியுங்கள். ஒரு கொப்பியில் திகதி போட்டுக் குறித்து வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் இவை நீடித்தால், அல்லது சாப்பாடும் படிப்பும் அதற்கு முன்பே குழம்பினால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். “விசர் ஆஸ்பத்திரி” என்ற பேச்சுக்குப் பயந்து பெற்றோர் பின்வாங்கினால், முதலில் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தில் தாய் பேசிப் பார்க்கட்டும். அந்தப் பிள்ளை வகுப்பில் கதவுக்குக் கிட்ட இருக்கட்டும். வெளியே போக வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பயம் குறையும்.

இனி விழா. நீங்கள் பக்கம் எடுக்கத் தேவையில்லை. இரண்டு காரியத்தை ஒன்றாகக் கட்டியதில்தான் சிக்கல் வந்தது. அஞ்சலி இறந்தவர்களுக்குரியது, அதற்கு நிபந்தனை இருக்கக் கூடாது. நன்றி செய்த வேலைக்குரியது, அதில் கட்டாயம் இருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றினால், அஞ்சலிக்கு வந்த பிள்ளை மாலையும் போட்டாக வேண்டும். மாலை போட மறுத்த பிள்ளை குண்டில் செத்தவர்களை மதிக்காதவள் ஆகிவிடுவாள். உங்கள் வட்ஸ்அப் குழுவில் நடப்பது இதுதான்.

ஈஸ்டர் அஞ்சலியைத் தனியாகச் செய்ய வேறொரு காரணமும் உண்டு. 2019 ஏப்ரல் 21 காலை கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சியோன் ஆகிய மூன்று தேவாலயங்களிலும் கொழும்பில் மூன்று விடுதிகளிலும் 260க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். சியோனில் இறந்த பலர், ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள். கொச்சிக்கடையில் இறந்தவர்களிலும் தமிழ் பேசுபவர்கள் நிறையப் பேர். முன்கூட்டியே கிடைத்த புலனாய்வுத் தகவலை வைத்துத் தாக்குதலைத் தடுக்கத் தவறினார்கள் என்று 2023 ஜனவரி 12 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது. பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்பு அமைச்சு ஆகியவற்றில் மேலிடத்தில் இருந்தவர்களும் இழப்பீடு செலுத்துமாறு பணிக்கப்பட்டார்கள். நீதி கேட்டு இன்னும் நடக்கும் அந்தக் குடும்பங்களின் நினைவு நாளைப் பாதுகாப்புத் தரப்புக்கு நன்றி சொல்லும் நாளாக மாற்றுவது அவர்களுக்கும் அநியாயம். கிணறு இறைத்த சிப்பாய்க்கும் அந்தத் தாக்குதலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. குழுவில் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். எல்லாத் தரப்பும் கேட்கக்கூடிய காரணம் இது.

அஞ்சலி பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். காலை 8.45 க்கு இரண்டு நிமிட மௌனம், ஒரு விளக்கு, ஆசிரியர் ஒருவர் எழுதி வைத்து வாசிக்கும் நான்கைந்து வசனம், அவ்வளவுதான். மௌனம் தொடங்கவும் முடியவும் மணி அடிக்காதீர்கள், கையை உயர்த்திக் காட்டினால் போதும். குண்டு வெடித்த காணொளி, இரத்தம் தெரியும் படம் எதுவும் வேண்டாம். எவ்வளவு நல்ல நோக்கத்தோடு காட்டினாலும், அந்த இரவு நித்திரை கெடுவது பிள்ளைகளுக்குத்தான். தரம் 5 வரையுள்ள பிள்ளைகளைக் கூட்டத்துக்குக் கொண்டுவராமல், வகுப்பாசிரியர் “இன்றைக்குத் தேவாலயத்தில் செத்துப்போனவர்களை நினைக்கிறோம்” என்று சொன்னால் போதும்.

வாசிக்கும் வசனத்தில் செய்தவர்களின் மதத்தை இழுக்க வேண்டாம். அந்தத் தாக்குதலுக்குப் பிறகு 2019 மே மாதத்தில் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கங்களில் முஸ்லிம்களின் வீடும் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. நூறு பேரில் ஒரு முஸ்லிம் பிள்ளை உங்கள் பாடசாலையில் இருந்தாலும், எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயத்தோடுதான் அந்தக் காலைக்கூட்டத்துக்கு வருவாள். 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இப்போது வன்னியில் திரும்பப் படிக்கிறார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

மூத்த வகுப்புப் பிள்ளை ஒருத்தர் கட்டாயம் கேட்பார்: “முள்ளிவாய்க்காலுக்கு ஏன் இப்பிடிச் செய்யிறேல்ல, ரீச்சர்?” வாயை மூடச் சொல்லாதீர்கள். கேள்வி தப்பில்லை. “அங்க செத்த சனத்தையும் நினைக்க வேணும். நினைக்கிறதில கூடக் குறைய இல்லை. இது இந்தச் சம்பவத்தின்ர நாள்” என்று சொல்லலாம். அரசாங்க ஊழியர் என்ற முறையில் ஓர் எல்லையையும் தெளிவாக அறிந்து வையுங்கள். உறவினர்களை நினைத்து விளக்கேற்றுவது வேறு. தடைசெய்யப்பட்ட அமைப்பின் கொடியையோ சின்னத்தையோ தலைவரின் படத்தையோ பகிர்வது வேறு. 2020, 2021 ஆண்டுகளில் சமூக வலைத்தளப் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஆட்கள் கைது செய்யப்பட்டார்கள். உயர்தர மாணவர்களிடம் இதை மறைக்காமல் சொல்வது அவர்களைப் பாதுகாக்கும்.

உயர்தர வகுப்பில் நேரம் இருந்தால், ஒரு பாடவேளை 2006 ஆம் ஆண்டைப் பற்றிப் பேசலாம். ஜூன் 15 இல் கெப்பித்திகொல்லாவை என்ற சிங்கள ஊரில் பேருந்து ஒன்று, புலிகள் வைத்ததாகச் சொல்லப்படும் கிளைமோர் கண்ணிவெடியில் சிக்கி 60க்கும் மேற்பட்ட கிராமத்துச் சனம் செத்தது, அதில் குழந்தைகளும் உண்டு. ஓகஸ்ட் 14 இல் வன்னியில் வள்ளிபுனம் செஞ்சோலைச் சிறுவர் இல்ல வளாகத்தில் விமானப்படையின் குண்டுவீச்சில் 50க்கும் மேற்பட்ட மாணவியர் செத்தார்கள். இரண்டுக்கும் இடையில் இரண்டு மாதம், அவ்வளவு பெரிய தூரமும் இல்லை. ஓர் ஊரில் சீருடையைக் கண்டால் சனம் ஆறுதலடைகிறது, மற்ற ஊரில் பிள்ளை மேசைக்குக் கீழே போகிறது. ஏன் என்று பிள்ளைகளே யோசித்துச் சொல்லட்டும். தீர்ப்புச் சொல்லும் வேலையை எடுத்துக்கொள்ளாதீர்கள். யார் என்ன சொன்னார் என்ற குறிப்பும் வேண்டாம்.

நன்றிக்கு வருகிறேன். சொல்ல வேண்டியதுதான். வெள்ளம் புகுந்த கிணற்றைப் பம்ப் போட்டு இறைத்து, அடியில் படிந்த சேற்றை வாளியால் அள்ளி, குளோரின் போடுவது இலேசான வேலையில்லை. இன்றைக்கு அந்த முகாமில் நிற்கும் இருபதுகளில் உள்ள பொடியன் 2009 இல் சிறுவன். அவன் செய்த நல்ல வேலையைக் கண்டும் காணாத மாதிரி விடுவதும் பிள்ளைகளுக்கு நல்ல படிப்பினை இல்லை. ஆனால் “அவனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைத்தானே” என்று அந்தத் தாய்மாரிடம் போய்ச் சொல்லாதீர்கள். அதை அவர்களாக ஒருநாள் சொன்னால் சரி, மற்றவர் சொல்லிக் கொடுக்கும் விடயமில்லை.

அவர்களுடைய நிலையை அருகில் போய்ப் பாருங்கள். யுத்தம் முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து, பிள்ளையைச் சீருடைக்காரரின் கையில் ஒப்படைத்தோம் என்று பல தாய்மார் ஆணைக்குழுக்களின் முன் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் வீதியோரத்தில் உட்கார்ந்து போராடத் தொடங்கியவர்கள் கேட்பதும் அந்தப் பிள்ளைகள் எங்கே என்ற ஒன்றைத்தான். உடலும் இல்லை, செத்த திகதியும் இல்லை. திவசம் எந்த நாளில் கொடுப்பது என்று தெரியாது, கொடுத்தால் தானே பிள்ளையைச் சாகடித்தது போலாகும் என்ற பயம். இந்தத் துயரம் காலத்தோடு ஆறுவதில்லை, ஏனென்றால் முடிந்தது என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அந்த வீட்டுப் பிள்ளையை அதே சீருடைக்கு மாலை போட நிறுத்துவது, தேடுவதை விட்டுவிடு என்று தாய்க்குச் சொல்வதாகவே போய்ச் சேரும். கிணற்றுத் தண்ணீருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது உங்களுக்கும் எனக்கும் விளங்கலாம்.

மறுபக்கத்தையும் அதே கரிசனையோடு பாருங்கள். 2018 ஜூனில் விசுவமடுவில், ஊர்ச்சனத்துக்கு மாதச் சம்பள வேலை கொடுத்த சிவில் பாதுகாப்புத் திணைக்களத்துக்குப் பொறுப்பாயிருந்த இராணுவ அதிகாரி இடமாற்றம் பெற்றுப் போனபோது, சனம் மாலை போட்டுத் தோளில் தூக்கி அழுது வழியனுப்பியது. அதில் முன்னாள் போராளிகளும் இருந்தார்கள். அதைப் பார்த்துத் திட்டியவர்கள் பலர். ஆனால் மாதச் சம்பளமும், பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிக்கும் ஓர் ஆளும் கிடைத்த குடும்பத்தின் கண்ணீர் அது. உங்கள் வகுப்பிலும் அப்பாவோ அம்மாவோ அந்தத் திணைக்களத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களைக் “காட்டிக் கொடுப்பவர்” என்று யாராவது சொன்னால் அதே இடத்தில் நிறுத்துங்கள். “நன்றி கெட்டவள்” என்ற பேச்சையும் அதே குரலில் நிறுத்த வேண்டும். ஒன்றைக் கண்டித்து மற்றதை விட்டால், ரீச்சர் எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் அன்றே முடிவு கட்டிவிடும்.

ஆகவே, நன்றியைக் கடிதமாகக் கொடுங்கள். அதிபரும் அபிவிருத்திக் குழுச் செயலாளரும் கையொப்பமிடட்டும். இப்படி எழுதலாம்:

“கடந்த மார்கழி வெள்ளத்தின் பின் எமது பாடசாலைக் கிணற்றையும் கிராமத்து வீட்டுக் கிணறுகளையும் இறைத்து, சேறு அகற்றி, குளோரின் இட்டுத் தந்தீர்கள். பிள்ளைகள் அந்தத் தண்ணீரை இப்போது பாவிக்கிறார்கள். அதற்காகப் பாடசாலைச் சமூகம் உங்களுக்கு நன்றி கூறுகிறது.”

எத்தனை கிணறு, எந்தத் திகதி என்பதைச் சேருங்கள். சிங்களத்திலும் ஒரு பிரதி எழுதுவித்துக் கொடுங்கள், வேலை செய்தவர்கள் தாங்களே வாசிப்பார்கள். “நாட்டைக் காத்த”, “பயங்கரவாதத்தை ஒழித்த” என்ற வரிகள் உள்ளே வர வேண்டாம். இயக்கத்தில் இருந்து செத்த மாமாவின் படம் வீட்டுச் சுவரில் தொங்கும் பிள்ளைக்கு அந்த வரி தன் மாமாவைப் பற்றியது. கடிதம் கிணற்றைப் பற்றியதாக இருக்கும்வரை யாருக்கும் நோகாது. அதே கடிதத்தைப் பொது சுகாதாரப் பரிசோதகருக்கும், பிரதேச சபைக்கும், பம்ப் இரவல் தந்த அல்லது கூட நின்று சேறு அள்ளிய ஊர்க்காரர் இருந்தால் அவர்களுக்கும் கொடுங்கள்.

பெரியவர்கள் இரண்டு பேர், பாடசாலை நேரம் முடிந்த பிறகு, முகாமுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். வடையும் பழமும் கொண்டுபோனால் அழகு. மாணவர் வரிசை, மாலை, பாண்ட் வாத்தியம், மேடை ஒன்றும் தேவையில்லை. விரும்பிய பிள்ளை வீட்டிலிருந்து ஒரு வாழ்த்து மட்டை செய்து கொண்டுவரலாம். காரியாலயத்தில் ஒரு பெட்டியை வையுங்கள். வகுப்பில் சேகரித்தால் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று கணக்காகிவிடும். பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையின் படமும் வெளியே போகக் கூடாது. படம் முகநூலில் ஏறினால் இரண்டு பக்கத்தாரும் அதைத் தங்கள் தங்கள் வாதத்துக்கு எடுத்துக்கொள்வார்கள், பிள்ளையின் முகம்தான் நடுவில் நிற்கும்.

பாதுகாப்புச் சேவை என்ற விடயத்தையே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று குழு விரும்பினால், இன்னொரு நாளில் கண்ணிவெடி அகற்றும் வேலையைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வைக்கலாம். முகமாலை போன்ற இடங்களில் கவசமும் முகமூடியும் அணிந்து, வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறுபவர்களில் வன்னிப் பெண்கள் நிறையப் பேர், பலர் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். இராணுவத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவும் இதே வேலையைச் செய்கிறது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவருக்குச் சொல், 119 க்கு அறிவி என்ற பாடத்தையும் அன்றைக்கே சொல்லிக்கொடுக்கலாம். வெள்ளம் மண்ணை அரித்த ஆண்டில் இது வெறும் சம்பிரதாயமில்லை.

குழுவிடம் இதை எப்படிக் கொண்டுபோவது? வட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். முதலில் அதிபரைத் தனியே காணுங்கள். “விழாவை நிறுத்துவோம்” என்று தொடங்கினால் அவர் தீர்மானத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். “இரண்டாகப் பிரித்துச் செய்வோம், கடிதத்தை நான் எழுதித் தருகிறன், சேர்” என்று எழுதிய கடிதத்தோடு போங்கள். முகாமிலிருந்தே விழா கேட்கப்பட்டிருந்தால், மாணவர்களைப் பங்கேற்கச் செய்ய வலயக் கல்விப் பணிமனையின் எழுத்து மூல அனுமதி வேண்டும் என்று அதிபர் மரியாதையாகச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் பொறுப்பு ஒரு தனி ஆளின் தலையில் விழாது.

வட்ஸ்அப் குழுவை, நிர்வாகிகள் மட்டும் செய்தி போடும் நிலைக்கு ஒரு வாரம் மாற்றி வையுங்கள். அந்த இரண்டு தாய்மாரின் பெயர் வந்த செய்திகளை அழிப்பியுங்கள். சண்டையின் திரைப்பிரதி யார் கைக்குப் போகும் என்று ஒருவருக்கும் தெரியாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கும் ஊரில் அது வெறும் வாய்ச்சண்டையாக நின்றுவிடாது.

தாய்மாரின் வீட்டுக்கு நீங்களே போங்கள். கூட்டத்துக்கு அழைக்காதீர்கள், சமாதானம் பேசவும் போக வேண்டாம். “பிள்ளை வரத் தேவையில்லை, காரணமும் கேக்க மாட்டம், வரவு இடாப்பில ஒண்டும் குறிக்க மாட்டம்” என்ற மூன்றையும் சொல்லிவிட்டு, அவர்கள் பேசினால் கேட்டுக்கொண்டு இருங்கள். படம் எடுத்துக் காட்டினால் பார்த்து, பெயரைக் கேளுங்கள். “இனி மறந்துபோட்டு இருக்கிற பிள்ளையளைப் பாருங்கோ அம்மா” என்பதை மட்டும் சொல்லாதீர்கள்.

ஏப்ரல் முடிய மே வருகிறது. முள்ளிவாய்க்கால் நினைவுக்குக் கஞ்சி காய்ச்சுவார்கள், விளக்கேற்றுவார்கள், வீதியில் ரோந்தும் கூடும். தரம் 7 பிள்ளைக்கு மட்டுமல்ல, ஆசிரியர் அறையிலும் சிலருக்கு அந்த மாதத்தில் நித்திரை குறையும், கோபம் கூடும். அந்த மாதத்தில் தவணைப் பரீட்சையையும் தண்டனைகளையும் நெருக்கிப் போடாமல் இருக்க முடிந்தால் நல்லது. அவளுக்காகத் தொடங்கிய கொப்பியை மே 31 வரை எழுதுங்கள். உளநலப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் அதைக் கொண்டு செல்லுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது திகதிகளைத்தான்.